அது கஞ்சிதான், அதனால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுச் சாப்பாட்டுக் கடையில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று நான்கு நாள்களாக மனதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். நம் ஊர்க்காரர்கள் குழுவில், எங்களோடு சாப்பிட வந்த அண்ணன் போட்ட படத்தையும், "இருபத்து நான்கு டாலர் கொடுத்து ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்தோம்" என்று அதற்கு மேலே எழுதிய வரியையும், கீழே குவிந்த சிரிப்புகளையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நேற்று இரவு அதே படம் எங்கெங்கோ சுற்றிவிட்டு எனக்கே வந்து சேர்ந்தது. படத்தின் ஓரத்தில் என் அம்மாவின் கை இருக்கிறது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை, கரண்டியைப் பிடித்தபடி. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒருவருக்கு ஒரு சாப்பாடு பிடிக்காமல் போகலாம். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சமைத்தவர் பத்தடி தூரத்தில் நிற்கும்போது அவர் சமைத்ததைக் கேலி பேச நமக்கு எப்படி வாய் வருகிறது? நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

அட்லாண்டாவில் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத கடை அது. ஞாயிறு காலையில் பத்து மணிக்கு மேல், காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். நடத்துகிறவர்கள் தென் கரோலினாவின் கடலோரத் தீவிலிருந்து வந்த ஒரு கறுப்பினக் குடும்பம். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள். தாய்க்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும், அடுப்படி அவருடையது. பரிமாறிய பெண் அவருடைய பேத்தி. எங்கள் மேசையில் மூன்று குடும்பங்கள், பதினொரு பேர்.

முதலில் ஒரு கிண்ணத்தில் அவித்த நிலக்கடலை வந்தது. தோலோடு உப்புப் போட்டு அவித்தது. என் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. இந்த ஆறு வாரத்தில் வெளியே எங்கு கூட்டிப்போனாலும் தட்டைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "நான் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்பார். அந்தக் கடலையை ஒன்று உரித்து வாயில் போட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்ணுக்கு அவித்த கடலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிறகு காராமணி போட்ட சோறு, தக்காளியில் வெந்த வெண்டைக்காய், காலர்ட் என்கிற முரட்டுக் கீரை எல்லாம் வந்தன. அம்மா பன்றி இறைச்சி தொடமாட்டார். கேட்டதற்கு, கீரையில் வான்கோழிதான் போட்டிருக்கிறோம் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

கடைசியாக வந்ததுதான் அந்தக் கஞ்சி. கிரிட்ஸ். காய்ந்த மக்காச்சோளத்தைக் கல் இயந்திரத்தில் கொரகொரவென்று உடைத்து, தண்ணீரில் கொட்டி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்து வேகவைப்பது. மேலே இறால். கரோலினாக் கடலோரத்தில் வலை வீசுகிறவர்கள் விடியற்காலையில் சாப்பிட்ட சாப்பாடு. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "சோளக் குருணை" என்றார். பிறகு, "ரொம்ப நேரம் துழாவியிருக்கிறார்கள், ஒரு கட்டி இல்லை பார்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பாட்டியம்மா கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். புதுக்கடை அல்லவா, வந்தவர்கள் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வந்திருப்பார். சரியாக அந்த நேரத்தில்தான் அண்ணன் பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில், "இது நோயாளிக்குக் கொடுப்பது, பல் இல்லாதவர்களுக்குச் சமைத்தீர்களா?" என்றார். கைப்பையிலிருந்து பருப்புப்பொடி டப்பாவை எடுத்துத் தட்டு முழுக்கக் கொட்டினார். படம் எடுத்தார். அந்தப் பெண் சிரிக்க முயன்றாள். பாட்டியம்மா உள்ளே போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்த முகத்தைப் படிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று அன்று இரவு எனக்குச் சொன்னார். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கரிசல்காட்டில் மானாவாரி நிலம், கம்பும் சோளமும்தான் விளையும். நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அறிவிப்பில்லாமல் டவுனிலிருந்து உறவுக்காரர் ஒருவர் வந்துவிட்டார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அம்மாச்சி சோளத்தை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, பானையில் துழாவிச் சோறாக்கி, கருவாட்டுக் குழம்பு ஊற்றி வைத்திருக்கிறார். வந்தவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாட்டுக்கு வைப்பதை மனிதனுக்கு வைக்கிறீர்களே" என்று சொல்லி, சோறு இருக்கிற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். தட்டில் கை கழுவுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து சாகும்வரை அம்மாச்சி அடுக்குப்பானையின் கடைசிப் பானையில் ஒரு படி நெல்லரிசி ஒளித்து வைத்திருந்தார், யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று. பிள்ளைகள் பசி என்று அழுதபோதுகூட அதைத் தொட்டதில்லை. சிறுவயதில் அந்தப் பானையை நானே பார்த்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, ஞாயிற்றுக்கிழமை இரவுதான் தெரிந்தது.

"அந்தம்மா உள்ளே போனபோது உன் அம்மாச்சி போனது மாதிரியே இருந்தது" என்றார் அம்மா.

இப்போது சொல்லுங்கள், நான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?

விமர்சனம் செய்ய உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. எனக்கும் குறைகள் இருந்தன. ஐம்பது நிமிடம் காக்க வைத்தார்கள். கீரையில் உப்பு தூக்கலாக இருந்தது. காபி ஆறிப்போய் வந்தது. இவை மூன்றையும் கிளம்பும்போது கடை நடத்தும் அம்மாவிடம் நானே சொன்னேன். குறித்துக்கொண்டார், நன்றி சொன்னார். குறை சொல்வதற்கும் அவமானப்படுத்துவதற்கும் வித்தியாசம் தெரியாத வயதா நமக்கு?

காரம் இல்லை என்கிறீர்கள். மேசை நடுவில் மிளகாயைக் காடியில் ஊறப்போட்ட பாட்டில் இருந்தது. நம்மில் ஒருவரும் தொடவில்லை, அது எதற்கு என்று கேட்கவும் இல்லை.

விலை அதிகம் என்கிறீர்கள். இதே ஊரில் ஒரு மசால் தோசைக்கு என்ன கொடுக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை மணி நேரம் நின்று கிண்டுகிறவரின் கைக்கு மட்டும்தான் விலை போடத் தயங்குகிறோம். அன்று அண்ணன் தன் பங்குக்கு டிப்ஸ் என்று ஒரு டாலர்கூட வைக்கவில்லை. ஜார்ஜியாவில் பரிமாறுகிறவர்களுக்கு முதலாளி கொடுக்கச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இலிருந்து அதே தொகைதான். மீதி டிப்ஸில்தான் வர வேண்டும். இது அமெரிக்காவில் இத்தனை வருடம் இருக்கிற யாருக்கும் தெரியாததில்லை.

"இதில் நிறத்தை ஏன் இழுக்கிறாய்?" என்று நேற்றே ஒருவர் தனியாகக் கேட்டுவிட்டார். நான் இழுக்கவில்லை, அது முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. இதே அண்ணன் சென்ற மாதம் ஓர் இத்தாலியக் கடையில் போலென்டா என்ற பெயரில் ஏறத்தாழ இதே மக்காச்சோளக் கஞ்சியைச் சாப்பிட்டுவிட்டு, "அருமை" என்று படம் போட்டிருந்தார். அதுவும் உடைத்த மக்காச்சோளம்தான், அதுவும் பல் இல்லாதவரும் சாப்பிடக்கூடியதுதான். அங்கே பொடி டப்பா வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் பதில் இருந்தால் சொல்லட்டும்.

அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்றாவது தெரிந்துகொள்வோம். அந்தக் கடலோர மக்களைக் கல்லா கீச்சி என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைவித்துக்கொண்டிருந்த ஊர்களிலிருந்தும் பிடித்துக்கொண்டுவந்து கரோலினாச் சதுப்பில் இறக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். வரப்புப் போடவும், கடல் ஏற்றத்தைக் கணித்து மதகு திறந்து மூடவும், உரலில் நெல் குத்தவும் அறிந்தவர்கள். சார்ல்ஸ்டன் நகரத்தின் செல்வம் அந்த நெல்லில் எழுந்தது. முழு அரிசி கப்பலேறியது, உடைந்த குருணை விளைவித்தவர்களின் பானைக்கு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் அரவை மில் வாசல்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் குருணை யாருக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அவர்களோடு அமெரிக்கா வந்தவை. மக்காச்சோளம் இந்த மண்ணின் பூர்வகுடிகள் கொடுத்தது. நம் கம்பும் சோளமும்கூட ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து நம்மிடம் வந்தவைதான். வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையிலான அவர்களுடைய கடலோரத்தை 2006இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் பண்பாட்டு மரபுப் பகுதியாக அறிவித்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் குழுவில் எப்படிப் பூரித்தோம்? முதலில் பகிர்ந்தவரே அந்த அண்ணன்தான். நம் ஊர்ப் பண்டத்துக்கு ஒரு மரியாதை, இன்னொருவர் ஊர்ப் பண்டத்துக்கு வேறு ஒன்றா?

சாப்பாட்டில் அரசியல் எதற்கு என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஜார்ஜியா கில்மோர். அலபாமாவின் மான்ட்கோமரியில் சமையல்காரியாக வேலை பார்த்தவர். 1955 டிசம்பரில் தொடங்கி பஸ்ஸில் நிறம் பார்த்து இருக்கை பிரித்ததை எதிர்த்து 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் போராடினார்களே, அப்போது இவரும் இவருடைய தோழிகளும் வறுத்த கோழியும் கேக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட "பை" என்கிற பலகாரமும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். மக்களை ஏற்றிப்போன வண்டிகளுக்குப் பெட்ரோல் அதிலிருந்தும் வந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக வேலை போனது. தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 1964இல் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அதே அலையில் 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியது. அதற்கு முன்னால் இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். நூறு பேர்! நானும் நீங்களும் அந்த அண்ணனும் இங்கே வீடு வாங்கிக் குழந்தை குட்டிகளோடு இருப்பது யார் பஸ்ஸில் ஏறாமல் நடந்ததால், யார் அடுப்பில் வெந்ததால்? அப்படிப்பட்டவர்களின் பேத்தியிடம் போய் நோயாளிக் கஞ்சி என்கிறோம்.

வீடு வாங்கும்போது "அந்த வட்டாரம் வேண்டாம், அவர்கள் அதிகம்" என்று நம் வீட்டு வரவேற்பறைகளில் பேசுவதை நான் பதினான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் வாயைத் திறந்ததில்லை. அது என் தப்பு. இத்தனை வருடத்தில் இந்த மக்களின் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் என் தப்புதான். என் மகன் அந்த அண்ணனைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். வீடு திரும்பும்போது காரில், "பெரியப்பா சொன்னது ஜோக்கா அம்மா?" என்று கேட்டான். பதினொரு வயதுப் பையன். அவன் வகுப்பில் பாதிப் பேர் கறுப்பினப் பிள்ளைகள். அவனுக்கு நான் என்ன சொல்ல?

அண்ணன் கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். என் அம்மாவின் கை அதில் இருக்க வேண்டாம்.

அம்மா ஊருக்குக் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நேற்று அவரே கேட்டார், அந்தக் கடைக்கு மறுபடியும் கூட்டிப்போகிறாயா என்று. அந்தப் பாட்டியம்மா எந்தத் துடுப்பில் துழாவுகிறார் என்று பார்க்க வேண்டுமாம். ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயில் பிரிக்காத ஒரு பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு பதினொரு மணிக்கு மேசை சொல்லிவிட்டேன். நான்கு பேருக்கு மட்டும்.