பறந்து பழகக் கடல் இருக்கிறது

2025 மார்ச் 21ஆம் திகதி வாரியபொலவில் நம் இலங்கை விமானப்படையின் கே-8 பயிற்சி ஜெட் விழுந்தது. விமானிகள் இருவரும் பரசூட்டில் இறங்கித் தப்பினார்கள். ஒரு நாள் பேசினோம், மறந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து டாக்காவில் பங்களாதேஷ் விமானப்படையின் எஃப்-7 போர் விமானம் பயிற்சிக்குக் கிளம்பி, மைல்ஸ்டோன் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. செத்தவர்கள் முப்பதுக்கும் மேல், பெரும்பாலும் பிள்ளைகள். விமானியும் பிழைக்கவில்லை.

தாழப் பறக்கும் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ராடார் கண்ணில் படாமல் போகப் போர் விமானி அதைப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் இதற்கு வழமையான கீழ் எல்லை 250 அடி, சுமார் 76 மீற்றர். கொழும்பில் இருபத்தைந்து மாடிக் கட்டடம் ஏறத்தாழ அவ்வளவு உயரம்தான். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது மூக்கு 10 பாகை சரிந்தால் தரைக்கு இரண்டு விநாடி. என்ஜினுக்குள் ஒரு பறவை போனால் யோசிக்கவே நேரமில்லை. எஜெக்ஷன் இருக்கை இருக்கிறதே என்பார்கள். சரி, தரையில் நிற்கும் விமானத்திலிருந்தே ஆளைத் தூக்கிவிடும் இருக்கைகள் உண்டு. விமானம் கவிழ்ந்தபடி சரிந்தால் அதுவும் கைகொடுக்காது. கீழே வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இருக்கையும் இல்லை.

அதனால்தான் ஊருக்கு மேலே வேண்டாம் என்கிறேன். விழாவுக்காக என்றால் அறவே வேண்டாம். 2011 மார்ச் 1, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழா ஒத்திகையில் இரண்டு கிபிர் போர் விமானங்கள் யக்கலைக்கு அருகே வானில் மோதின. ஒரு விமானி இறந்தார். சண்டை முடிந்து இரண்டு வருடமாகப் போகிற நேரம், வேடிக்கை காட்டப் பழகும்போது ஒரு வீட்டுப் பிள்ளை போய்விட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் புதுக்குடியிருப்பு அக்கா ஒருவர் இருக்கிறார். சுதந்திர தின ஒத்திகைக்கு ஜெட் இரைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, கடைசி மகளை இழுத்துக்கொண்டு கதவு நிலையடியில் குந்திவிடுவார். "இது சும்மா ஒத்திகை எண்டு தெரியும் தம்பி, ஆனா கால் கேக்குதில்லையே" என்பார். அதே அக்கா வாரியபொல செய்தி வந்ததும் முதலில் கேட்டது, "பொடியள் தப்பிட்டாங்களோ?" என்றுதான். சண்டைக் காலத்தில் கிபிருக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர் கேட்ட கேள்வி அது. அந்தக் கரிசனையை விமானப்படையிடம் எதிர்பார்ப்பது அதிகமா?

சுற்றிவரக் கடல் உள்ள நாடு இது. ஒத்திகையையும் தாழப் பறக்கும் பயிற்சியையும் கரையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளட்டும். கொழும்புக்கு மேலே வந்தே ஆக வேண்டுமென்றால் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தமிழிலும் அறிவிக்கட்டும், அக்கா அன்றைக்கு எங்காவது போய்விடலாம். அப்புறம் விசாரணை அறிக்கை. பிரிட்டனில் இராணுவ விமானம் விழுந்தால் விசாரணை அறிக்கையைப் பொதுமக்கள் வாசிக்கப் போடுகிறார்கள். இரகசியமான பகுதியை மட்டும் மறைப்பார்கள். இங்கேயும் அப்படி வரட்டும், மூன்று மொழியிலும். விமானம் எத்தனை வருடம் பழையது, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள், அந்த உயரத்தில் பறக்க யார் அனுமதி கொடுத்தது என்பதெல்லாம் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கும் தெரிய வேண்டும், கீழே குடியிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.