கோடு போட்ட தேதி உள்ளூர் நேரம் அல்ல

அண்ணா, "2024-12-28 என்று கோடு போட்டு எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உள்ளூர் நேரமாகத்தான் எடுக்கும், நாகர்கோவிலில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தேதி மட்டும் இப்படி இருந்தால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரப்படி, நள்ளிரவு. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இங்கே அதே 28, காலை 5:30 ஆகிறது. பிழை தெரியாது, அவ்வளவுதான்.

தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பதிவுப் பக்கம் செய்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. துபாயில் இருந்த மாப்பிள்ளைக்கு 28 என்றே காட்டியது, அங்கே காலை 4 மணி. பெண்ணின் மாமா டெக்சாஸில் இருந்தார், அவருக்கு 27, மாலை 6 மணி! அவர் டிக்கெட் போடும் முன் போனில் கேட்டதால் தப்பித்தோம்.

இதே தேதியோடு 'டீ' (T) எழுத்தும் 00:00-வும் சேர்த்து 2024-12-28T00:00 என்று எழுதினால், யூடிசி வித்தியாசம் குறிப்பிடாதவரை, அது உள்ளூர் நேரம். ஜாவாஸ்கிரிப்ட் விதிமுறையின் 2009 பதிப்பில் இதுவும் யூடிசிதான், 2015-இல் மாற்றினார்கள். இணையத்தில் பழைய பதில்கள் முரண்படுவது அதனால்தான்.

சாய்கோடும் தீர்வல்ல. மார்ச் 10 என்று நினைத்து 10/03/2024 எழுதினால், குரோம் உலாவியில் அக்டோபர் 3 ஆகிவிடும். வருடம், மாதம், நாளைப் பிரித்து எண்களாகக் கொடுங்கள், மாதத்தில் ஒன்றைக் கழித்து (அங்கே ஜனவரி 0). அப்புறம் குரோமின் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில், சென்சார்ஸ் பகுதியில் அமெரிக்க நகரம் ஒன்றை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.