இது பந்தயம் அல்ல, எத்தனை முறை சொல்வது?

அந்தப் படத்தை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடற்கரைச் சாலை சைக்கிள் பயணத்தின் நடுவே என் மகள் மரத்தடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஒரு வரி: "பெற்றோரின் ஆசைக்குப் பிள்ளை பலி." போட்டவர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் மூத்தவர் என்பதால் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "குடும்பத்தோடு வருகிறவர்கள் பூங்காவுக்குப் போகட்டும்" என்று அவரே பின்னூட்டத்தில் எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

ஐயா, அது பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குப் பெயர் பிரெவே. உலகம் முழுவதும் இந்தத் தூரத்து பிரெவேக்கு இருக்கும் அதே கால வரம்புதான் இங்கேயும். ஏழு மணி நேரத்தில் வந்தவருக்கும் பதின்மூன்று மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரே பதக்கம். முதலிடம் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. பிரான்சில் 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணமே 1931 முதல் பந்தய வீரர் அல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. இன்று அங்கே 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடந்தால் போதும். இரட்டை இருக்கை சைக்கிளிலும் வருகிறார்கள். அவர்களையும் பூங்காவுக்கு அனுப்பிவிடலாமா?

நாங்கள் நால்வரும் நேரத்துக்குள் முடித்தோம். நான், என் கணவர், மகள், மாமனார். முடித்தவர் முடித்தவர்தான்.

இனி அந்தப் படம். ஆமாம், களைத்திருந்தாள். கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏன் என்று தெரியும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து காற்று கிளம்பிவிடும். அன்று சாலை கடலைப் பார்த்து வளைந்த இடங்களிலெல்லாம் அது முகத்தில் அறைந்தது. மற்ற இடங்களில் பக்கவாட்டில் தள்ளியது. மேடு ஏறினால் இறக்கமாவது கிடைக்கும், எதிர்காற்றில் அந்த ஆறுதலும் இல்லை. முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனால்தான் முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருபவர் சக்கரத்தை ஒட்டி வருகிறார். எங்கள் வரிசையில் கணவரும் நானும் மாறி மாறி முன்னால் போனோம். மகள் நடுவில். மாமனார் கடைசியில் வந்துகொண்டு அடிக்கடி "தண்ணீர் குடித்தாயா அம்மா?" என்று குரல் கொடுப்பார். ஒரு கட்டத்தில் அவள் திரும்பிப் பார்க்காமலே, "தாத்தா, நீங்கள் குடித்தீர்களா?" என்றாள். அவர் குடித்திருக்கவில்லை.

140 கிலோமீட்டர் அப்படி வந்தவள் உட்காரத்தான் செய்வாள். அதே மரத்தடியில் நாற்பதைக் கடந்த இரண்டு பேர் மல்லாந்து படுத்திருந்தார்கள். படத்தின் ஓரத்தில் ஒருவருடைய காலணி தெரிகிறது, பாருங்கள். வெட்டியவர் அதையும் சேர்த்து வெட்டியிருக்கலாம்.

"வளரும் பிள்ளையின் உடம்பு என்ன ஆகும்?" என்று சிலர் அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், கோபமில்லை. பெற்றோர் நாங்கள் இருவரும் கூடவே இருந்தோம். குறைந்த தூரத்தில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே வந்தோம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு குறையும் என்று அவளுக்கே தெரியும், உப்பு கலந்த பாட்டிலைத் தனியாக வைத்திருந்தாள். நேரத்தைப் பதிகிற கட்டுப்பாட்டு நிலையங்களில் எங்கள் வண்டி காத்திருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் "ஏறிக்கொள்கிறாயா?" என்று கேட்டோம். கடைசியாகக் கேட்டபோது, "இன்னொரு தடவை கேட்டால் உங்களோடு பேச மாட்டேன்" என்றாள். இந்தப் பலியாடு எங்களைத்தான் மிரட்டிக்கொண்டிருந்தது.

"வழியை அடைத்தார்கள்" என்பவர்களுக்கு: நாங்கள் ஒற்றை வரிசையில் போனோம். நான்கு பேர் பக்கம் பக்கமாக அரட்டை அடித்துக்கொண்டு போனது வேகக் குழு. அவ்வளவுதான்.

"குடும்பப் படம் போட்டு லைக் வாங்கத்தானே இதெல்லாம்?" என்று ஒருவர். அந்தப் படத்தைப் போட்டது நானா ஐயா?

மறுபடியும் சொல்கிறேன், இது பந்தயம் அல்ல. பந்தயமாக இருந்தால் மெதுவாக வருபவர் இடைஞ்சல் என்று சொல்வதில் ஒரு நியாயமாவது இருக்கும். கால வரம்பு மட்டுமே உள்ள பயணத்தில் அந்த வரம்புக்குள் வந்தவரைப் பார்த்து "நீ ஏன் வந்தாய்?" என்று கேட்பதற்கு என்ன பெயர்?

உண்மையில் என்னைக் குத்தியது வேறு. இருநூற்றுக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களைப் படித்தேன். "என்ன அம்மா இவள்?", "பெற்றவளுக்கு மனம் எப்படி வந்தது?", "தாய்க்கு விளம்பர மோகம்." அவளுக்கு ஓர் அப்பா இருக்கிறார். பாதி வழி முன்னால் நின்று காற்றை வாங்கியவர். அவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவருடைய இணையப் பக்கத்தில் போய் "சபாஷ், பொறுப்பான தந்தை" என்று எழுதியிருக்கிறார்கள், அதே ஆட்கள்.

மகள் சிறியவளாக இருந்த காலத்தில் அவர் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தார். இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு வருவார். இடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளும் உண்டு. அன்று மாலை அவர் பதக்கத்தோடு நிற்கும் படத்துக்கு வந்த வாழ்த்துகளில் "பிள்ளை எங்கே?" என்று எவரும் எழுதவில்லை. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் வீரர், கூட்டிக்கொண்டு வந்தால் கொடுமைக்காரி. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, மூத்தவரே, உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருடங்களாக வாரக் கடைசிகளில் நீங்கள் விடிவதற்கு முன்னால் சைக்கிளோடு கிளம்பிப் போனீர்களே, அந்த நாட்களில் உங்கள் பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, உணவு கொடுத்து, "அப்பா எப்போது வருவார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது யார்? அவருக்கும் ஒரு சைக்கிள் வேண்டியிருந்ததா என்று எப்போதாவது கேட்டீர்களா? பதிலை இங்கேயே எழுதுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.