தாய் வாத்து குஞ்சைத் தள்ளிவிடவில்லை

வெள்ளவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது: “பலவீனமான குஞ்சுகளைத் தாய் வாத்து மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்கிறது.” இது பொய்.

அது கிரீன்லாந்தின் பார்னக்கிள் வாத்து. துருவ நரிக்கு எட்டாத செங்குத்துப் பாறையில் கூடு கட்டும். மேய்ச்சலோ கீழே, புல்வெளியில். நம் கொழும்புப் பேரே வாவிக் கூழைக்கடா குஞ்சுக்கு மீன் கொண்டுவந்து ஊட்டும். இந்த வாத்து எதையும் ஊட்டாது, குஞ்சே மேயவேண்டும். அதனால் பொரித்து ஓரிரு நாளில், பெற்றோர் கீழே நின்று கூப்பிட, குஞ்சு தானாகவே குதிக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: குட்டிச் சிறகையும் சவ்வுக் காலையும் விரித்தபடி, பாறையில் பட்டுப் பட்டுத் துள்ளி விழுகிறது. எடை குறைவு, மேலெல்லாம் அடர்ந்த தூவி, அதுதான் காப்பாற்றுகிறது. சில சாகின்றன, பார்க்க எனக்கும் நெஞ்சு பதறியது. பிழைத்தவற்றைத் தாயும் தந்தையும் சேர்ந்தே மேய்ச்சலுக்குக் கூட்டிப்போகின்றன.