பட்டன் பேட்டரியை ‘ஸ்லைம் ரோபோ’ எடுத்துவிடுமா?

“குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் பயம் வேண்டாம், தானாக நகரும் ஸ்லைம் ரோபோ மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது” என்று ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காணொளி உண்மை, செய்தி தவறு.

காணொளியில் இருப்பது ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு ஸ்லைமை, அதாவது வழுவழுப்பான கூழை, வைத்து நடத்திய ஆய்வு. 2022இல் ‘அட்வான்ஸ்டு ஃபங்ஷனல் மெட்டீரியல்ஸ்’ இதழில் வெளியானது, அங்கேயே சரிபார்க்கலாம். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசை போன்ற பொருளும் வெண்காரமும் சேர்ந்த கூழில் நியோடிமியம் காந்தத் துகள்களைக் கலந்திருக்கிறார்கள். அதற்குத் தானாக நகரத் தெரியாது. வெளியே காந்தத்தை அசைத்தால்தான் அசையும். பேட்டரியை அது சுற்றி வளைத்ததுகூட வயிற்றின் மாதிரியில்தான், மனித உடலில் அல்ல. துகள்கள் நச்சுத்தன்மை உள்ளவை. அவை கசியாமலிருக்கவே மேலே சிலிக்காப் பூச்சு. காந்த விசையோ தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். மாதிரியில் எளிதாக நடப்பது, தடித்த வயிற்றுச் சுவரைத் தாண்டி அப்படியே நடக்காது.

இந்தச் செய்தியை நம்பிக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரியின் மின்னோட்டம் ஈரத் திசுவில் காரத்தை (திசுவை அரிக்கும் வேதிப்பொருளை) உண்டாக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கக்கூடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிக்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்தும் முறை) மூலம் எடுப்பார்கள். அந்தக் காணொளியை, தயவுசெய்து, இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.