அழைப்பு இருவருக்கும் வந்ததா?

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் புறப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "இந்த வயதில் இது தேவையா?" என்பது ஒரு கட்சி. "எப்பேர்ப்பட்ட தியாகம்!" என்று கண் கலங்குவது இன்னொன்று. வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வேதாகமத்தில் ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். கடவுள் அழைத்து ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டபோது, பின்னாளில் ஆபிரகாம் எனப்பட்ட ஆபிராமுக்கு வயது 75. தியாகம் என்று உருகுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: யாருடைய தியாகம்?

அதே அதிகாரத்தை இன்னொரு முறை படியுங்கள். மனைவி சாராய் அவனைவிடப் பத்து வயது இளையவள். அப்போது அவளுக்கு 65. "வர உனக்குச் சம்மதமா?" என்று அவன் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவளிடம் அவன் பேசியதாக வேதாகமம் முதன்முதலில் பதிவு செய்யும் பேச்சு, அவர்கள் எகிப்தை நெருங்கும்போது வருகிறது. உன் அழகுக்காக என்னைக் கொன்றுவிடுவார்கள், ஆகையால் நீ என் சகோதரி என்று சொல் என்கிறான். ஆபிராமின் கீழ்ப்படிதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டாயிற்று. சாராயின் பக்கம் திரும்பிப் பார்த்த பிரசங்கியார் ஒருவரும் என் நினைவில் இல்லை.

இது பழைய கதையோடு முடிந்துவிடவில்லை. நவீன மிஷனரி இயக்கத்தின் தந்தை என்று போற்றப்படும் வில்லியம் கேரி 1793-இல் இந்தியாவுக்குக் கிளம்பினார். மனைவி டோரதி முதலில் வர மறுத்துவிட்டார். அவர் அப்போது நிறைமாத கர்ப்பிணி. மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார் கேரி. அனுமதிச் சிக்கலால் அந்தக் கப்பலிலிருந்து இறங்க நேர்ந்தது. தாமதமான அந்த இடைவெளியில் கேரியும் உடன் பயணித்தவரும் வீட்டுக்குப் போய் மறுபடி வற்புறுத்தினார்கள். குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்த டோரதி, தன் சகோதரியும் உடன் வருவதாக இருந்தால் வருகிறேன் என்றார். மறு ஆண்டே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டோரதியின் மனம் உடைந்தது, பிறகு அது சீராகவே இல்லை. 1807-இல் இறக்கும்வரை பல ஆண்டுகள் அறைக்குள் அடைபட்டே வாழ்ந்தார். பக்கத்து அறையில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. கேரியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

கேரி தம்பதி முதியவர்கள் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். முதிய தம்பதிகளிடம் சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு, மற்றவர் முகம் பார்த்துத் தன் ஆசையை மடித்து வைப்பது பழகிப்போயிருக்கும். கணவர் ஜெபத்தில் பாரம் உண்டானது, போகத்தான் வேண்டும் என்கிறார். மனைவி பேரப்பிள்ளைகளை நினைக்கிறார், தோழிகளை நினைக்கிறார், "கர்த்தருடைய சித்தம்" என்கிறார். சில வீடுகளில் இது தலைகீழ். துடிப்போடு இருப்பவர் மனைவி. இத்தனை வருட வேலைக்குப் பிறகு ஒரு நாற்காலியும் செய்தித்தாளும் போதும் என்று இருக்கிறார் கணவர். எந்தப் பக்கமானாலும், அந்நிய ஊரின் சின்ன வீட்டில் மொழி தெரியாமல் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாய்க்குள் விழுங்கிய "வேண்டாம்" வெளியே வந்துவிடும்.

உடல் விஷயத்தில் ஆர்வத்துக்கு இடமே கொடுக்கக்கூடாது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் சில நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். 60 வயதைக் கடந்தவர்கள் அதை முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எந்த நாடு என்று முடிவு செய்யும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விமான டிக்கெட் எடுத்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டினால் செல்லுமா என்பதும் அப்படியே. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர்கூட நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் பணம் தருவதில்லை. உயில், வங்கிக் கையொப்பம், வீட்டுச் சாவி ஆகியவை ஒரு வார வேலை. கடினமானது வேறொன்று: அறுபது வயதுக்காரர்கள் பலருக்கு எண்பத்தைந்து வயதுத் தாய் இருக்கிறார். அவரை யார் பார்ப்பது? கேட்காமலே ஒரு மகள் தலையில் வந்து விழும் பொறுப்பு அது.

மார்மன் சபை என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை முதிய தம்பதிகளை முறைப்படி அனுப்புகிறது. அவர்களுடைய உபதேசத்தைப் பற்றிய வாதத்துக்கு நான் வரவில்லை; ஏற்பாட்டை மட்டும் பார்க்கிறேன். 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை கால அளவு உண்டு. செலவைத் தம்பதிகளே ஏற்கிறார்கள். இளையவர்களைப் போல நாள் முழுவதும் கதவு தட்டிப் போதிக்கச் சொல்வதில்லை. அலுவலகம், ஆலயம், நிவாரணப் பணி, வம்சாவளிப் பதிவுகள் என்று வாழ்நாள் அனுபவம் செல்லுபடியாகும் வேலைகளாகத் தருகிறார்கள். திரும்பும் தேதி முன்பே தெரிவதால் ஆறு மாதத்துக்குச் சம்மதிக்கிறவர் உண்மையாகவே சம்மதிக்க முடிகிறது.

குறுகிய காலத்தில் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு: கேரிக்கு முதல் ஞானஸ்நானம் கொடுக்க ஏழு வருடம் ஆயிற்று. பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகளான ஜட்சன் தம்பதிக்கு ஏறத்தாழ ஆறு. ஒன்றரை வருடம் போகிறவர்கள் அறுவடைக் கணக்கை மறந்துவிடுவது நல்லது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்தான் எனக்குச் சரியான மாதிரியாகத் தெரிகிறார்கள். கூடாரத் தொழில் செய்த தம்பதி. ரோமிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்து, பிறகு எபேசுவுக்குப் போனவர்கள். பேச்சு வன்மையுள்ள அப்பொல்லோ அரைகுறையாகப் போதித்தபோது, சபை நடுவில் திருத்தாமல் தங்களிடம் அழைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் பெயர் புதிய ஏற்பாட்டில் எங்கு வந்தாலும் சேர்ந்தே வருகிறது, சில இடங்களில் மனைவியின் பெயர் முதலில்.

அனுப்பும் சபைகள் நேர்காணலில் இருவரையும் வேறு வேறு அறையில் உட்காரவைத்துக் கேட்கட்டும். ஒருவர் "வேண்டாம்" என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எழுதிக்கொள்ளாமல் அவர்கள் கோப்பினை மூடிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஏதாவது கொடுங்கள். கணக்கு எழுதவும் இணையத்தில் பாடம் சொல்லித்தரவும் யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை.