ஹோராத்தை நேர்மையானவன் என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை "ஷ்பூர் டெர் ஷ்டைனெ" (கற்களின் தடம்) என்ற பழைய ஜெர்மன் படத்தின் திரையிடலில் நடந்ததைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், வீடியோவும் எல்லோரிடமும் வந்துவிட்டது. அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. பின்வரிசையில் எழுந்து நின்ற பெண், படத்தில் வரும் இளம் பொறியாளர் காத்தி க்ளேயைப் பற்றிக் கேட்டார். நெறியாளர் "அது தனிப்பட்ட விஷயம், நாம் அரசியலுக்கு வருவோம்" என்றார். அப்புறம், படத்தில் ஆளும் கட்சியின் செயலாளராக வரும் வெர்னர் ஹோராத்தை "அந்த அமைப்புக்குள் இருந்த ஒரே நேர்மையான மனிதன்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார். கைதட்டலும் விழுந்தது. அந்தக் கைதட்டலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஹோராத் நேர்மையானவன் இல்லை.

"ஷ்பூர் டெர் ஷ்டைனெ" எனக்கு மிகவும் பிடித்த படம். எரிக் நொய்ச் 1964இல் எழுதிய நாவலை வைத்து ஃப்ராங்க் பேயர் கிழக்கு ஜெர்மனியின் அரசுத் திரைப்பட நிறுவனமான டேஃபாவுக்காக எடுத்தது. ஷ்கோனா என்ற பெரிய கட்டுமானத் தளம். திட்டம் போடுகிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் ஒட்டே இல்லை. சரக்கு நேரத்துக்கு வராது. மான்ஃப்ரெட் க்ரூக் நடித்த பாலா, தன் தச்சர் குழுவுக்கு வேலை நிற்கக் கூடாது என்பதற்காக அடுத்தவனுக்குப் போகிற சரக்கை மடக்கிக்கொள்கிறான். கட்சிச் செயலாளராக வரும் ஹோராத், இதை வெறும் திருட்டு என்று பார்க்காமல், திட்டமே கோளாறு என்று மேலே உள்ளவர்களிடம் சொல்கிறான். அந்தத் துணிச்சலை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் அதே மனிதன், மனைவி ஊரில் இருக்க, இளம் பொறியாளர் காத்தியைக் காதலிக்கிறான். அவள் கர்ப்பமாகிறாள். தகப்பன் யார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் பதவி போகும், குடும்பம் உடையும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒப்புக்கொள்கிறான், சரி. அதற்குள் பேச்சு முழுவதையும் கேட்டு முடித்தவள் அவள்.

தளத்துக் கோளாறைத் தைரியமாகச் சொல்கிறவன், தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இதை நேர்மை என்றால் எனக்கு அந்த நேர்மை வேண்டாம்.

"அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும், தளத்தில் நடந்த நல்லதெல்லாம் நின்றிருக்கும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான், நானும் அதை நிறைய யோசித்தேன். ஆனால் அந்த நல்லதற்கான விலையை அவள் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார்? அவளைக் கேட்டார்களா? "அவளாகத்தானே சொல்லாமல் இருந்தாள்" என்று இன்னொருவர். அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? கிழக்கு ஜெர்மனியில் கருக்கலைப்பைப் பெண்ணின் முடிவுக்கு விட்ட சட்டமே 1972இல்தான் வந்தது. படம் வந்தது 1966இல்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் அப்பா ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். என் தாய்மாமன் அதே மில்லில் கேட்டில் இருந்தார். ஒருமுறை ஸ்டாக் எடுத்தபோது பேரிங்குகள் குறைந்தன. கேட் பாஸில் மாமாவின் கையெழுத்து. அப்பா மேலே எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு வேலை போனது. அப்பா செய்தது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிக் கொடுக்கப் போவதை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்குத் தாய் வீடு அன்றோடு அறுந்தது. அக்கா கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வரவில்லை. "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை" என்று வந்தவர்களிடம் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஓய்வு பெற்றபோது மேடையில் அவருடைய நேர்மையைப் புகழ்ந்து பேசினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அம்மாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அப்பாவும் ஹோராத்தும் ஒன்றில்லை. அப்பா எதையும் மறைக்கவில்லை. ஆனால் மேடையில் புகழ்கிறவர்களுக்கு வீட்டில் இருந்தவள் கண்ணில் படாமல் போவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு அந்த மேடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"தடை செய்யப்பட்ட படம், அதைப் போய்க் குறை சொல்லலாமா" என்கிறார்கள். நான் படத்தைக் குறை சொல்லவில்லை! 1965 டிசம்பரில் கட்சியின் மத்தியக் குழுக் கூட்டம் டேஃபா படங்களை வரிசையாக முடக்கியது. இந்தப் படம் அதற்கு அடுத்த கோடையில் வந்தது. பெர்லினில் திரையிட்டபோது, கூச்சல் போட்டுக் கலாட்டா செய்வதற்கென்றே கட்சி தன் ஆட்களை அனுப்பியது. சில நாட்களிலேயே படத்தை எடுத்துவிட்டார்கள். பேயரை டேஃபாவை விட்டு வெளியேற்றினார்கள், அவர் டிரெஸ்டன் நாடக அரங்குக்குப் போனார். 1989இல் பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் படம் திரும்பவும் திரைக்கு வந்தது. இந்த வரலாற்றை நெறியாளர் அரைமணி நேரம் சொன்னார், நன்றாகவே சொன்னார். அதே அரைமணி நேரத்தில் காத்திக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

"இன்றைய பெண்ணியக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய படத்தைப் பார்க்காதே" என்றும் ஒரு கருத்து. கண்ணாடி எதுவும் வேண்டாம் ஐயா. பேயரே படத்தை ஹோராத் மீதான கட்சி விசாரணையில்தான் கட்டியிருக்கிறார். தளத்து வேலையையும் காத்தி விஷயத்தையும் ஒரே மேசையில் வைத்து விசாரிக்கிறார்கள். அந்த மேசையில் இருந்தவர்கள் அவளை அவமானப்படுத்தினார்கள் என்பது உண்மை. அதற்காக அவள் கதையையே மேசையிலிருந்து எடுத்துவிட்டால் அவர்களை விட நாம் எந்த வகையில் மேல்? காத்தியாக நடித்தவர் போலந்து நடிகை க்ரிஸ்டினா ஸ்டிபுல்கோவ்ஸ்கா. ஜெர்மன் குரல் யுட்டா ஹாஃப்மன். இரண்டு பேர் சேர்ந்து உயிர் கொடுத்த பாத்திரம் அது. அதை "தனிப்பட்ட விஷயம்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார்கள்.

தகப்பன் பெயரை மறைப்பது அரசியல் இல்லையா? வேலையிடத்தில் உண்மை பேசினால் வீடு உடையும், வீட்டைக் காப்பாற்றினால் பொய் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதனை நிறுத்துவது அரசியல் இல்லையா? அந்த நெருக்கடியை அவன் ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்தது அரசியல் இல்லையா? இவ்வளவையும் விட்டுவிட்டு அங்கே வேறு எந்த அரசியலைப் பேசினீர்கள்?

பாலாவைப் பாருங்கள். சரக்கை மடக்கியவன், முரடன், போலீஸ்காரரையே குளத்தில் இழுத்துப் போட்டவன். அவனும் காத்தியை விரும்புகிறான். விசாரணையில் வந்து, தனக்கு எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும், தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். நேர்மை என்று கைதட்ட வேண்டுமென்றால் அவனுக்குத் தட்டியிருக்கலாம்.

கீழே பதில் எழுத வருகிறவர்கள் காத்தி வரும் காட்சிகளை மட்டுமாவது இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காமல் "முழுப்படத்தின் அரசியல்" என்று எழுதினால் நான் பதில் சொல்லப்போவதில்லை.